யானைச்செய்

வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று ஊருலகமெல்லாம் வெடி போட்டபோது வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு சந்தேகம். போனது நமக்கும் சேர்த்தா, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டுமா? சந்தேகப்பட்டதில் தப்பொன்றுமில்லை. நாலு பக்கமும் வெள்ளைக்காரன் ஜில்லாக்கள், நடுவில் தோசைக்கல் அகலத்துக்குப் புதுக்கோட்டை சமஸ்தானம். ஜில்லாக்களில் ஆகஸ்டு மாதமே சுதந்திரம் வந்துவிட்டது. இங்கே ராஜா ராஜாவாகவே இருந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்திருந்தவர்களை, "ஒங்களுக்கு எப்ப வருது?" என்று சம்பந்தி வீட்டில் கேலி பேசினார்கள்.

சேவுகனுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் கணக்கு. வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் ஒரு வண்டி ஆலந்தழை அரண்மனை யானைக்கொட்டாரத்தில் இறங்கியாக வேண்டும். யானையின் பெயர் செங்கமலம். தழை கொண்டுபோகிற ஊழியத்துக்காகச் சேவுகனின் முப்பாட்டன் காலத்தில் கண்மாய்க்குக் கீழே, கிணற்றோடு சேர்த்து ஒரு செய் நிலம் விட்டிருந்தார்கள். தீர்வை கிடையாது, எழுத்துக் கிடையாது. தழை போகிறவரை நிலம் இவர்களுடையது, தழை நின்றால் நிலமும் போச்சு. ஊரில் அதற்கு யானைச்செய் என்றே பெயர்.

வியாழக்கிழமை மத்தியானம் தொரட்டியும் அரிவாளுமாகக் கண்மாய்க்கரைக்குப் போவான். இந்த வாரம் இந்த மரம், அடுத்த வாரம் அடுத்த மரம். ஒரே மரத்தில் கைவைத்தால் மொட்டையாகிவிடும். ஆலம்பால் பட்டுப் பட்டு அவன் கை எந்நேரமும் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். எந்தச் சீயக்காய்க்கும் அந்தக் கறை போகாது. கலியாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தவள்தான் அவன் பெண்டாட்டி செவந்தி. பிறகு பழகிவிட்டது.

அவள் அந்த யானையைக் கண்ணால் பார்த்ததில்லை. தசராவுக்கு ஊரே டவுனுக்குப் போகும். வீட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்று இவள் தங்கிவிடுவாள். ஆனால் யானையின் நல்லது கெட்டது அத்தனையும் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்து கஞ்சிக்கு உட்கார்ந்ததும், "என்ன, எஞ் சக்களத்தி நல்லாருக்காளா?" என்பாள்.

"நல்லாருக்கா. ஒன்னயத்தான் கேட்டா."

"என்னய எதுக்குக் கேக்குறா? வயித்துக்கு வண்டி வண்டியாப் போகுதுல்ல. இந்த வீட்டுல எவளுக்கு அம்புட்டு வருது?"

சொல்லிவிட்டு வரகஞ்சோற்றில் இன்னொரு அகப்பை கருவாட்டுக் குழம்பை ஊற்றுவாள். கேலிதான். அந்தச் சக்களத்தி போட்ட சோறுதான் தட்டில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே மகள் அமராவதியைப் பொன்னமராவதிப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் அந்தச் செய் விளைந்துதான். மகள் இப்போது தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அதுவும் அந்தச் செய்யை நம்பித்தான்.

அந்த வருசம் தை பிறந்ததிலிருந்தே எதுவும் சரியில்லை. காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்து, ஊர் ஆம்பிளைகள் கண்மாயில் தலை முழுகினார்கள். மாசியிலேயே பங்குனி வெயில் அடித்தது. காற்றில் ஈரமில்லை, கண்மாய்த் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சேவுகன் கிணற்றை நம்பிக் கடலை போட்டிருந்தான். காலையிலும் சாயங்காலமும் மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்தால்தான் செடி தலை நிமிர்ந்தது.

மாசியில் ஒருநாள் தமுக்கடித்தார்கள். சமஸ்தானம் இந்திய சர்க்காரோடு சேர்ந்துவிட்டது, இனி ராஜாங்கம் கிடையாது. தமுக்கடித்தவன் இவ்வளவுதான் சொன்னான். மேற்கொண்டு கேட்டதற்கு, "எனக்கே இந்த மாசக் கூலி யாரு குடுப்பான்னு தெரியல, போங்கப்பா" என்று அடுத்த ஊருக்கு நடந்தான்.

மறுநாள் சேவுகன் கமலையில் நிற்கும்போது பங்காளி செல்லமுத்து வந்தான். அவனுக்கும் இதேபோல ஒரு செய் உண்டு. அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடுகிற ஊழியம் அவன் வீட்டுக்கு. குதிரைகளைச் சண்டைக் காலத்திலேயே விற்றுவிட்டார்கள். அன்றோடு புல்லும் நின்றது. யாரும் கேட்கவில்லை, இவனும் வாய் திறக்கவில்லை, நிலத்தை மட்டும் உழுதுகொண்டிருந்தான்.

"அண்ணே, அரமனை குடுத்ததெல்லாம் அரமனையோடயே போயிருமாமே?"

"யாரு சொன்னா?"

"ஆலங்குடிச் சந்தையில பேசிக்கிறாய்ங்க. எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. ராத்திரி கண்ண மூட முடியல."

"ஒனக்குக் கரைக்கத்தான் செய்யும். புல்லுப் போட்டு எத்தன வருசமாச்சு? நான் ஒரு வெள்ளி தவறுனேனா? எங்கப்பன் செத்த அன்னைக்கிகூட வாசல்ல பொணத்தப் போட்டுட்டுத் தழை கொண்டுபோனேன். எனக்கு என்னடா பயம்?" என்று சொல்லி, மாட்டை ஒரு அதட்டு அதட்டினான் சேவுகன். சால் நிறைந்து மேலே வந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. செல்லமுத்து அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு போனான்.

பாத்தியில் மண்வெட்டியோடு நின்ற செவந்திக்கு, புருசன் பேசியது பிடிக்கவில்லை. பயந்து வந்தவனை இப்படியா விரட்டுவது? அவள் பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

தம்பி பழனிச்சாமி பர்மாவிலிருந்து நடந்தே வந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது புறப்பட்டு, மலையும் காடுமாக வந்து சேர்ந்தான். கூட வந்த பெண்டாட்டி வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து அக்கா வீட்டோடு இருக்கிறான். வேலை செய்வான், பேச மாட்டான். அன்றைக்குப் பேசினான்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? வையக் கூடாது."

"சொல்லு மாப்ள."

"ஒரு சர்க்காரு போயி இன்னொரு சர்க்காரு வர்றத நான் ஒரு தடவ பாத்துட்டேன். புதுசா வர்றவன் சோறு தண்ணி கேக்க மாட்டான். நீ யாரோட ஆளுன்னுதான் மொதல்ல கேப்பான். எங்க கங்காணி ஒருத்தர் இருந்தாரு. ஜப்பான்காரன் கேட்டப்ப, நெஞ்ச நிமித்திக்கிட்டு, நான் கம்பெனி ஆளு, தொரையே வெச்ச ஆளுன்னாரு. பெரிய எடத்து ஆளுன்னா மருவாதி குடுப்பான்னு நெனச்சுட்டாரு பாவம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அவரு எங்ககூட நடந்து வரல."

சேவுகன் மாட்டை நிறுத்தினான். "நீ என்ன சொன்ன?"

"ஊமையாட்டம் நின்னேன். சேத்துக் கையக் காட்டுனேன். போடான்னுட்டான்."

"அது பர்மா. இது நம்ம ஊரு. வர்றவனும் நம்ம ஆளுதான்."

"பர்மாக்காரனுக்கும் இந்த மார்கழியில சுதந்திரம் வந்துருச்சு மச்சான். அவனுக்கும் வந்தது அவன் ஆளுதான். நான் உழுத காட்ட இப்ப எவன் உழுகுறானோ."

செவந்தி இடையில் புகுந்தாள். "இந்தா பாருங்க, அவன் சொல்றது எனக்குச் சரின்னு படுது. யாராச்சும் கேட்டா உழுது சாப்பிடுறோம்னு மட்டும் சொல்லுங்க. யானை, தழை, அரமனை, ஒண்ணும் வாயில வரக் கூடாது."

"அடி போடி இவளே. நான் என்ன திருடனா? ராஜா யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்க? அம்மனுக்கு தாசன். அவரு பட்டமே அதுதான். சீமை பூராவும் திருக்கோகர்ணத்து அம்மனோடது. தாசன் வேலைய விட்டுட்டுப் போனா மொதலாளி போயிருமா? தழை போறது யானைக்கி, யானை அம்மனுக்கு. எந்தச் சர்க்காரு வந்து அத அழிக்கும்?"

அவன் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். பழனிச்சாமி குனிந்து களையெடுக்க ஆரம்பித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சேவுகன் கொட்டாரத்துக்குப் போனபோது வாசலில் ஆள் மாறியிருந்தது. "என்ன வண்டி?" என்றான் புதுக் காவல்காரன். இத்தனை வருசத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யானைக்குத் தழை என்றதும், யாரைக் கேட்டுக் கொண்டுவருகிறாய் என்றான். கடைசியில் யானைக்காரன் திருப்பதி உள்ளேயிருந்து ஓடிவந்து கெஞ்சி வண்டியை உள்ளே விடச் சொன்னான்.

செங்கமலம் தழையைக் கண்டதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இறக்குகிறவரைகூடப் பொறுக்கவில்லை, வண்டியிலிருந்தே உருவித் தின்றாள். விலா எலும்பு தெரிந்தது. கண்ணோரம் ஈரம் வடிந்து காய்ந்திருந்தது.

"என்னப்பா திருப்பதி இது?"

"என்னத்தச் சொல்ல. யானை யாரு கணக்குன்னு இன்னும் முடிவாகலயாம். கேட்டா உத்தரவு வரட்டும்ங்குறாங்க. கவளம் நின்னுபோச்சு, எஞ் சம்பளமும் நின்னுபோச்சு. எங்க வீட்டுக் கேப்பைய எடுத்தாந்து களி கிண்டிப் போடுறேன். அது ஒரு கைக்குக் காணுமா? அண்ணே, செவ்வாக்கெழமையும் ஒரு வண்டி போடேன். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியமோ இல்லையோ, சேவுகனுக்கு அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாகப் பட்டது. ஊழியம் நின்றால்தானே நிலம் போகும்? ஒன்றுக்கு இரண்டாகச் செய்துவிட்டால்? செவ்வாயும் வெள்ளியும் வண்டி கட்ட ஆரம்பித்தான். அதோடு விட்டானா? ஒரு செவ்வாய்க்கிழமை நேரே திருக்கோகர்ணத்துக்கு வண்டியை விட்டு, கோயில் வாசலில் நிறுத்தி, அங்கே நின்ற பெரியவரிடம், "அம்மன் ஊழியம்ங்க, இனிமே இங்க ஏத்துக்கிருங்க" என்றான். அவர் வண்டியையும் பார்த்தார், இவனையும் பார்த்தார்.

"இங்க யானை இல்லியேப்பா."

"யானை அங்க இருக்குங்க. தழைய அம்மன் ஏத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் எப்படிப்பா சொல்றது அத?"

ஒரு கட்டுத் தழையைப் படியில் வைத்துக் கும்பிட்டான். மீதியை யானைக்குக் கொண்டுபோனான். திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது என்று செவந்தியிடம் சொன்னான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வாரத்தில் பாதி நாள் தழைக்கே போய்விட்டது. கமலை ஓட்ட ஆளில்லை. பழனிச்சாமி ஒற்றை ஆளாக இறைத்தும் மேட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை. பூப்பூத்து விழுது இறங்கிக்கொண்டிருக்கிற நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் மண் இறுகி விழுது உள்ளே போகாது. மாடுகளும் நடந்து நடந்து தொய்ந்துவிட்டன. செவந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்தாள்.

"நெலத்தக் காப்பாத்துறேன்னு தழை வெட்டப் போறீங்க. நெலத்துல பயிரு காயுது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இந்தச் செய்யிக்காக யானைய வெச்சிருக்கீகளா, யானைக்காகச் செய்ய வெச்சிருக்கீகளா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டி."

"எனக்கு ரெண்டு. எம் மக வயித்துப் பிள்ளையோட வர்றா. அவளுக்கு வேண்டியது இந்த மண்ணு."

பங்குனி பாதியில், புது சர்க்கார் அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று சேதி வந்தது. யார் யார் எந்த நிலத்தை எப்படி அனுபவிக்கிறார்கள் என்று நேரிலேயே கேட்டு எழுதுகிறாராம். அன்றைக்குக் காலையில் செவந்தி புருசனைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. உழுது சாப்பிடுறோம். அதுக்கு மேல ஒரு வார்த்த வராது."

"என்னடி இது பிள்ளையாட்டம்."

"பண்ணுங்க."

அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவன் அந்தக் கறுத்த கையை அவள் உச்சந்தலையில் வைத்தான். "சரி, வராது" என்றான்.

கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். காற்று புழுதியை வாரி வாரி இறைத்தது. அதிகாரி சின்ன வயசுக்காரர், கதர்ச்சட்டை, சிரித்த முகம். எல்லோரையும் உட்காரச் சொன்னார். அதிகாரி முன்னால் உட்காருவதா என்று சனங்கள் முழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குந்தினார்கள். பெண்கள் கரைமேல் நின்றார்கள். பயப்படும்படியாக அந்த மனிதரிடம் ஒன்றுமே இல்லை. அதுதான் பழனிச்சாமிக்குப் பயமாக இருந்தது. அவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு சேவுகனுக்குப் பின்னால் நின்றான்.

செல்லமுத்து முதலில் போனான். "உழுது சாப்பிடுறோம்ங்க. பாட்டன் காலத்துலேர்ந்து" என்றான். அதிகாரி தலையாட்டினார், பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். போகச் சொல்லியும் அவனுக்கு நம்பிக்கை வராமல் அங்கேயே நின்றான்.

சேவுகன் முறை வந்தது.

"உங்க பேரு?"

"சேவுகனுங்க."

"எந்த நிலம்?"

"கெணத்தடிச் செய்யிங்க." ஒரு நிமிசம் நிறுத்தினான். கரைமேல் நின்ற செவந்தி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். "உழுது சாப்பிடுறோம்ங்க."

"சரி, உட்காருங்க."

செவந்திக்கு மூச்சு வந்தது. அம்மா தாயே என்று மனசுக்குள் கும்பிட்டாள். எழுதி முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஆட்களையும் கேட்டு முடித்தார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அதிகாரி அப்படியே கிளம்பியிருக்கலாம். நல்ல மனிதர் அல்லவா, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று எழுந்து நின்றார்.

"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நீங்க யாருக்கும் ஆளில்லை. குதிரைக்குப் புல்லு, யானைக்குத் தழைன்னு உங்களை ஓசியில வேலை வாங்கினாங்க. தலைமுறை தலைமுறையா அடிமையா வெச்சிருந்தாங்க. அந்த வெட்கம்கெட்ட காலம் முடிஞ்சுபோச்சு. உங்க பாட்டனும் அப்பனும் பட்ட அடிமை வாழ்வு உங்களோட ஒழிஞ்சது."

சனங்கள் கைதட்டினார்கள். செல்லமுத்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். சேவுகன் கையைத் தூக்கவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதைப் பின்னாலிருந்து பழனிச்சாமி பார்த்தான். தோளைப் பிடித்து அழுத்தினான். சேவுகன் எழுந்துவிட்டான்.

"சாமி, ஒரு வார்த்த."

"சொல்லுங்க."

"ஓசியில்லீங்க."

"என்னது?"

"யானைக்குத் தழை போட்டது ஓசியில்லீங்க, அடிமையுமில்லீங்க. எங்க முப்பாட்டன் போட்டாரு, எங்கப்பன் போட்டாரு, நான் போடுறேன். அதுக்குத்தான் இந்தச் செய்யி. யாரும் எங்களுக்குச் சும்மா குடுக்கல, நாங்களும் யாருக்கும் சும்மா செய்யல. இதுல வெக்கப்பட என்னங்க இருக்கு? எங்கப்பன் செத்த அன்னைக்கிகூடத் தழை நிக்கலீங்க."

ஐயோ பாவி மனுசா! வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? அவன் சொன்னதில் ஒரு பொய் உண்டா? ஒன்றுமில்லை. கைதட்டல் அப்படியே நின்றது.

அதிகாரியின் சிரிப்புப் போய்விட்டது. கோபத்தினால் இல்லை, அந்த மனிதருக்கே சங்கடமாக இருந்தது. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ அது யானைக்குத் தழை போடறதுக்காக விட்ட நிலம்?"

"ஆமாங்க. யானைச்செய். ஊருக்கே தெரியும்."

"அந்த வேலை இனிமேல் கிடையாதே. வேலைக்காக விட்ட நிலம், வேலை இல்லேன்னா சர்க்காருக்குத் திரும்பணும். நீங்க சொன்னப்புறம் நான் வேற மாதிரி எழுத முடியாது."

"வேலை இருக்குதுங்களே. யானை இருக்குது. நாளைக்கி வெள்ளிக்கெழமை."

"அது சர்க்கார் வேலை இல்லே, பெரியவரே."

பேசாத பழனிச்சாமி பேசினான். "நிக்கிற பயிருங்க?"

"நிலத்தோட சேர்ந்ததுதான். ஏலத்துக்கு வரும். அப்புறம் குத்தகைக்கு வேணும்னா இவரே கேட்கலாம், தடையில்லை." சொல்லிவிட்டு அவர் எழுந்தார். போகும்போது சேவுகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

செவந்தி கரையிலிருந்து இறங்கி யானைச்செய்யைப் பார்த்து நடந்தாள். தம்பியிடம் கமலையைப் பூட்டச் சொன்னாள். இப்போது எதற்கு அக்கா என்று அவன் கேட்டான். "மண்ணு நனையணும். காஞ்ச மண்ணுல புடுங்குனா காயி அத்துக்கிரும்" என்றாள். அவனுக்கு விளங்கிவிட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நனைந்த பாத்தியிலிருந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு செடியின் அடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பிஞ்சுகள். அழுத்தினால் பால் பீச்சியது.

செல்லமுத்துவின் பெண்டாட்டி பிச்சையம்மாள் வரப்பில் வந்து நின்றாள். "ஏ செவந்தி, இன்னும் ஒரு மாசம் நிக்கணுமேடி. பாலாவுல்ல கெடக்கு."

"கெடக்கட்டும்."

"சர்க்காரு பயிருன்னு சொல்லிட்டாகளே. கை வெச்சா ஏதாச்சும் ஆயிறப்போகுதுடி."

"வந்து வெதச்சாகளா அவுக?"

பிச்சையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். தன் வீட்டு நிலம் தப்பித்ததும் இவள் நிலம் போனதும் ஒரே புளியமரத்தடியில் என்பது அவளை உறுத்தியிருக்க வேண்டும். பாத்தியில் இறங்கிக் கூடச் சேர்ந்து பிடுங்கினாள். இன்னும் சில பெண்கள் வந்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை. வேர் மண்ணை உதறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சேவுகன் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும்போது செவந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"ஒந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன்" என்றான்.

"என் தல அங்கதான் இருக்கு."

"ஏன் சொன்னேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? எனக்கு ஒங்க மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. கழுத்த நெரிச்சுப் போட்ரலாம்போல இருக்கு." கொஞ்சம் கழித்து, "எங்கப்பன ஒருத்தன் அப்படிச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்போல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவனும் அழுதான்.

விடிந்ததும் அவன் பழக்க தோசத்தில் வண்டியைக் கட்டினான். கட்டிவிட்டு, நேற்றுத் தழையே வெட்டவில்லையே என்று நுகத்தடியைப் பிடித்தபடி நின்றான். செவந்தி குமித்துக் கிடந்த கடலைக்கொடியைக் கை நிறைய வாரிவந்து வண்டியில் போட்டாள்.

"இத ஏத்துங்க."

"காயோடயா?"

"காயோடதான். ஏலத்துல எவனோ எடுத்துத் திங்கிறதுக்கு அவ திங்கட்டும். நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"இத்தன வருசம் சோறு போட்டவ மொகத்த ஒரு தடவ பாத்துக்கிர்றேன்."

அந்தச் செய்யின் வெள்ளாமை மொத்தமும் வண்டியில் ஏறியது. போகிற வழியெல்லாம் பச்சைக்கொடி மணத்தது. பார்த்தவர்கள், பிஞ்சைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று நின்று பார்த்தார்கள். செவந்தி மனசுக்குள் யானையிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள். உன்னால்தான் என் குடி கெட்டது, மகளை நான் எங்கே வைத்துப் பேறு பார்ப்பேன், சொல்லு என்று நல்லாக் கேட்டுவிட வேண்டும்.

கொட்டாரத்தில் திருப்பதி வண்டியைப் பார்த்துத் திகைத்தான். "என்னண்ணே இது, பச்சப் பயிர?" என்றான். செவந்தி வண்டியைவிட்டு இறங்கினாள். யானை நின்றது. தோல் தொங்கி, நெற்றி பள்ளம் விழுந்து, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. சங்கிலி உரசின இடத்தில் புண். இவ்வளவு கிழவி என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

கேட்க வந்ததெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு பிடி கொடியை எடுத்து நீட்டினாள். யானை அதை வாங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்துக்கொண்டது. அடுத்த பிடிக்குத் தும்பிக்கையை நீட்டியது. அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியும் மூன்று பேரும் நகரவில்லை.

வண்டி காலியானதும் செவந்தி கையை உதறிக்கொண்டு புருசனிடம் கேட்டாள்.

"ஏங்க, அடுத்த வெள்ளிக்கெழமை இதுக்கு யாரு போடுவா?"

சேவுகன் திருப்பதியைப் பார்த்தான். திருப்பதி கீழே பார்த்தான். யானை வெறும் வண்டிப்பலகையில் தும்பிக்கையை விட்டு, மூலை மூலையாகத் தடவிக்கொண்டிருந்தது.